வளையம் உடைந்த இடம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி ஜெயராணியின் கருப்பை வாயிலிருந்து துணுக்கு எடுத்து, இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் பரிசோதனைக்கு அனுப்பிய அன்று, டாக்டர் சுசீலா அதில் ஒரு வளையம் வரைந்து காட்டினார். அதுதான் உடலுறவில் தொற்றி அங்கே தங்கும் வைரஸின் டிஎன்ஏ. பல வருடம் செல்லுக்குள் தனியாக, சாதுவாகக் கிடக்குமாம். சில சமயம் வளையம் உடைந்து, செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிக்கொள்ளுமாம். உடைவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில். மற்ற ஜீன்களைப் பார்த்து 'போதும்' என்று சொல்லும் ஜீன் அங்கேதான் இருக்கிறது. அது போனால் அடக்க ஆளில்லை. செல் புற்றாக மாறத் தொடங்கலாம். செருகிக்கொண்ட வைரஸும் பழையபடி வெளியே வர முடியாது.

"எப்போ வந்துச்சு, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு தேடாதீங்க. பத்துப் பதினைஞ்சு வருஷம்கூட ஆகியிருக்கலாம்," என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். கல்யாணத்துக்கு முந்தைய அந்த ஐந்து வருடம் எனக்கு மட்டும்தான் உறைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'சாத்தம் படகுத்துறையில் ஷோபனா என்றொரு பெண்' — அடித்துவிட்டேன். பெயரை மாற்றினால் பயம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. ஜெயராணியே இருக்கட்டும். இந்தத் தீவிலேயே, புரோத்ராபூரில் பிறந்து வளர்ந்தவள். அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஆசிரியை, தினமும் சாத்தத்தில் படகேறிப் போய்வருகிறாள்.

வியாழக்கிழமை, துணுக்கை அனுப்பிவைத்த அபர்டீன் பஜார் லேபுக்கு போன் செய்தேன். அங்கே வேலை பார்க்கும் மீனா எடுத்தாள்.

"ரிப்போர்ட் கல் தான், சுரேந்திரன் சார். மேடமுக்கே தெரியுமே."

(கல் என்றால் நாளை. விருதுநகர்க்காரனான நான் இங்கே வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் உருப்படியாகக் கற்ற இந்தி அது ஒன்றுதான். எந்த ஆபீஸுக்குப் போனாலும் 'கல் ஆவோ', நாளை வா, என்பார்கள்.) [நேற்று என்றாலும் கல் தான்.] ஆக, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும். கதைக்கும் அன்றே முடிவு கிடைத்துவிடும்.

3

இந்தக் கதையில் வரும் கணவனை எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் குடை பிடிக்கிறான், மகள் அகிலாவுக்குத் தலை பின்னிவிடுகிறான். அவனைக் கொஞ்சம் பேசவைத்துப் பார்த்தேன்:

கல்யாணத்துக்கு முன்பு, சென்னையில், ஒரு தடவை நான்.

* மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் 'நான்' என்ற இடத்திலேயே கை நின்றுவிட்டது.

4

இன்று வெள்ளி. லீவு போட்டுவிட்டு, லேபுக்குக் கிளம்பும் முன் மேலே உள்ளதை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

நான் இடுவது வளைந்த அடைப்புக்குறி. இரண்டாம் பகுதியில் உள்ள சதுர அடைப்பு என்னுடையது அல்ல. இந்த மடிக்கணினியில் ஜெயராணியும் வினாத்தாள் அடிப்பாள்.

இந்தியில் நாளைக்கும் நேற்றுக்கும் ஒரே சொல்தானாம். எது என்று பின்னால் வரும் வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். தமிழில் பேசும்போது வினைச்சொல்லை விழுங்கிவிட்டு 'தான்' போட்டுவிடுகிறோம். மீனா சொன்னது நேற்றை. ரிப்போர்ட் புதன்கிழமையே வந்துவிட்டது. 'மேடமுக்கே தெரியுமே' என்று அவள் சொன்னதும் அதைத்தான்.

புதன் மாலை ஜெயராணி என்ன செய்தாள்? அகிலாவின் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டு, அடுத்த பருவத்துக்கு வாங்கி வைத்த நோட்டுகளிலும் பெயர் எழுதினாள். இப்போதே எதற்கு என்று கேட்டேன். "சும்மாதாங்க" என்றாள். நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

5

முடிவு அ: ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. பிறகு ஏன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை?

முடிவு ஆ: (எழுத மாட்டேன்.)

முடிவு இ: மூன்றாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள். நான் பாதியில் விட்ட வாக்கியத்தின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. நான் வைக்கவில்லை. போதும், சொல்ல வேண்டாம் என்கிறாளா? தெரிந்துவிட்டது, இனி நீ சொல்லி என்ன என்கிறாளா? ஒரு புள்ளிக்கு இவ்வளவு பயந்ததில்லை. அது நுழைந்த பிறகு இது நான் எழுதிய கதையாக இல்லை. புள்ளியும் வெறும் புள்ளியாக இல்லை.

சற்று முன் போன் வந்தது. பின்னால் படகு எஞ்சின் சத்தம்.

"என்னங்க, சாத்தம் வந்துட்டேன். லேபுக்குப் போகாதீங்க. எழுதினதை அழிக்கவும் வேண்டாம். நான் வந்துடறேன்."

குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களால் முடிந்தால் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாத்தத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் பன்னிரண்டு நிமிடம். அந்த வாக்கியத்தில், புள்ளிக்குப் பின்னால், நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. மடிக்கணினியை மூடாமல், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.