பதினொரு முறை வந்து போகும் வேலைக்காரி

நாடகத்தில் வேலைக்காரி பதினொரு முறை மேடைக்கு வருகிறாள். ஒரு முறைகூட வேலை செய்வதில்லை. ரிப்பன் கட்டிய துடைப்பத்தோடு வருவாள், இடுப்பை ஆட்டுவாள், எஜமானரைப் பார்த்துக் கண்ணடிப்பாள், போவாள். இதை எழுதிய மனிதர் ஒரு வீட்டையும் பெருக்கியவரில்லை என்பது மூன்று வருடமாக அந்த வேடம் கட்டும் நடிகையின் தீர்மானம்.

எஜமானராக நடிப்பவருக்கு அறுபது வயது, சாயம் பூசிய மீசை. வசனம் மண்டையில் நிற்காது. மேடையில் எப்போதும் செய்தித்தாள் படிப்பார். உள்ளே அவர் வசனமெல்லாம் ஒட்டியிருக்கும். ஆனால் இடுப்பைக் கிள்ள மட்டும் மறந்ததே இல்லை. ஒரு கிள்ளு என்று எழுதியிருந்ததைக் கைதட்டல் ருசியில் நான்காக்கியிருந்தார். அவள் இடுப்பு கன்றிப்போயிருந்தது.

"சார், கிள்ளுறத நிறுத்தச் சொல்லுங்க. வலிக்குது" என்றாள் இயக்குநரிடம்.

"ஜனங்க அதுக்குத்தாம்மா வர்றாங்க. முடியலன்னா சொல்லு, வேற பொண்ணு ரெடியா இருக்கா."

எஜமானர் கண்ணாடியில் மீசையை நீவினார். "கிள்ளு இல்லன்னா மேடையில உனக்கு என்ன பாப்பா வேலை?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மேடையில், மூன்றாம் காட்சியில் அவர் கை நீண்டபோது அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

"காலைத் தூக்குங்க ஐயா."

தூக்கினார். அரங்கம் சிரித்தது.

"எந்திரிங்க. நாற்காலிக்கு அடியில ஒரே குப்பை."

எழுந்தார். நாற்காலி பக்கத் திரைக்குள் போனது. அடுத்து மேசை. பிறகு அவர் கையிலிருந்த செய்தித்தாளை உருவினாள். "பழைய பேப்பர்."

வெறும் மேடையில் எஜமானர் வாயைத் திறந்து மூடினார். ஒரு வார்த்தைகூட வரவில்லை. மீசை மட்டும் துடித்தது.

"பேப்பரக் குடு பாப்பா" என்று பல்லிடுக்கில் கெஞ்சினார்.

"கையைப் பின்னால கட்டுங்க, தர்றேன்" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

கட்டினார். அவள் தாளை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அவர் வாசித்தார். கூரை அதிரக் கைதட்டினார்கள். மிச்சக் காட்சிகளிலும் அந்தக் கை முன்னால் வரவில்லை.

திரை விழுந்ததும் இயக்குநர் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "பிரமாதம்மா! கிள்ளு வேண்டாம். நாளைக்கும் இதையே செஞ்சிடு."

அவள் ரிப்பன் துடைப்பத்தை அவர் கையில் திணித்தாள்.

"அப்போ வேற துடைப்பம் வாங்குங்க. இதுல குப்பை போக மாட்டேங்குது."