இருபத்து மூன்று எழுத்து

எங்கள் பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் போடும் புரோகிராம் நான் எழுதியது. ஒரு திங்கட்கிழமை காலையில் அது பாதியில் செத்துப்போனது. வாசலில் கன்டெய்னர் லாரி காத்துக்கொண்டிருந்தது. முதலாளி சிவசுப்பிரமணியம், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற சித்ராதேவியிடம் சிரித்த முகமாகவே சொன்னார்: “நாளையிலிருந்து வர வேண்டாங்க கண்ணு.”

கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார் மனுஷன்.

“அண்ணே, அவரு சொன்னதத்தாண்ணே அடிச்சேன்,” என்று என்னிடம் வந்து அழுதாள் சித்ராதேவி. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை.

அவள் போன பிறகு, புரோகிராம் சாகும்போது விட்டுப்போன கோர் ஃபைலை, பிழை தேடும் டீபக்கரில் திறந்தேன். பிரேதப் பரிசோதனைதான். கடைசி நொடியில் மெமரியில் இருந்தது அப்படியே கிடந்தது: ஒப்புதல் கட்டத்தில் முதலாளியின் பெயர், அதன் பின்னால் ‘அவர்கள்’. இனிமேல் அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் உத்தரவு போட்டிருந்தார். இங்கிலீஷில் பெயரும் ‘அவர்கள்’ளும், நடு இடைவெளியோடு, இருபத்து மூன்று எழுத்து. நான் விட்டிருந்த இடம் இருபது. மிச்ச மூன்றும் பக்கத்து இடத்தில் ஏறி மிதித்து, புரோகிராமைக் கொன்றிருந்தன.

“என்னங்க தம்பி, அந்தப் பொண்ணு பண்ணுன தப்புதானுங்களே?” என்று வந்து நின்றார் முதலாளி.

வாயைத் திறந்தால் அவர் பவிசோடு என் லட்சணமும் சேர்ந்து நாறும்.

“ஆமாங்க,” என்றேன்.

இருபதை நாற்பதாக்கினேன். கோர் ஃபைலை அழித்தேன். மறுநாள் புதிதாக வந்த பெண் அதே ‘அவர்கள்’ அடித்தாள். லிஸ்ட் சுத்தமாக வந்தது.

“பாத்தீங்களா,” என்றார் முதலாளி, “ஆளை மாத்துனதும் சரியாயிருச்சுங்க.”