ஒரு புள்ளிக்கு வேனா?

பூரணியின் அண்ணன் கஜேந்திரனுக்கு மூக்கு நுனியில் கோபம். கப்பலில் எஞ்சின் அறை வேலை அவனுக்கு. லீவில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து யாரோடாவது மல்லுக்கு நின்றுகொண்டே இருந்தான். தண்ணிக் குழாய் உடைந்து கிடக்கிறதே என்று ஒரு சண்டை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் பெயர்ந்து கிடக்கிறதே என்று இன்னொரு சண்டை.

"ஒனக்கென்னாண்ணே, நீ கப்பலேறிப் போயிருவ. நாங்கதானே இங்க கெடக்கணும்" என்று பூரணி அவன் வாயை அடைத்தபடியே இருந்தாள். அவள் புருஷன் கந்தப்பனுக்குத் தேயிலை பெக்டரியில் எஞ்சின் வேலை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்பது அவள் பயம்.

அன்று விடிந்ததிலிருந்து மழை, கரண்ட் இல்லை. பகல் சோற்றுக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்தவள், கந்தப்பன் இடது கை ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு புள்ளி. இரத்தம்கூட இல்லை.

"அட்டை கடிச்சிருக்கும்" என்று சொல்லிச் சுண்ணாம்பைத் தடவினாள். நாள் முழுக்க அட்டைக்குக் காலையும் கையையும் கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு காயமா?

"அட்டை இல்ல புள்ள, டீசல் பட்டுருச்சு" என்று சிரித்தான் கந்தப்பன்.

உள்ளே வந்த கஜேந்திரன் அப்படியே நின்றான். "டீசல் எப்பிடிய்யா பட்டுச்சு?"

கந்தப்பன் பெருமையாகவே சொன்னான். பெக்டரி ஜெனரேட்டரில் இருப்பது, உடைத்துப்போட்ட ஏதோ மீன்பிடிக் கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த எஞ்சின். கரண்ட் போனால் அதுதான் கதி. காலையில் அது கரும்புகை கக்கியது, டொக்டொக்கென்று இடித்தது. டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டரைப் பார் என்றார் பெக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர். இவன் அதைக் கழற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அதே குழாயில் மாட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டு, முன்னால் கையை வைத்துப் பார்த்திருக்கிறான். புகையாக வருகிறதா, சொட்டுகிறதா என்று அந்தப் பெக்டரியில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"அடப் பாவி மனுசா! அதுக்கு முன்னால கைய வச்சியா?" கஜேந்திரன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது.

"கத்தாதண்ணே, நாலு பேரு கேப்பாங்க."

"கேக்கட்டும்! இந்தா பாரு பூரணி, மருந்தடிக்கிற பம்பு மாதிரின்னு நெனச்சீங்களா? இஞ்செக்டருக்குள்ள ஒரு ஊசி இருக்கு. ஸ்பிரிங்கு அத அமுக்கி ஓட்டைய அடைச்சு வச்சிருக்கும். பம்பு டீசலத் தள்ளத் தள்ள அமுக்கம் ஏறும். ஸ்பிரிங்கே தாங்க முடியாமப் போறப்ப ஊசி எழும்பும். மயிரு நொழையற ஓட்டையில டீசல் சீறிக்கிட்டுப் போயி பொகையா ஒடையும். சிலிண்டருக்குள்ள இருக்கிற சூட்டுல அப்பிடியே பத்திக்கும். அமுக்கம் கொறஞ்சதும் ஊசி டக்குனு மூடிரும். தேஞ்ச ஊசி சரியா மூடாது, சொட்டும். கரும்புகை அதனாலதான்."

"அதத்தானே நானும் பாத்தேன் மச்சான்."

"அதப் பாக்க கைப்பம்பு வச்ச டெஸ்டர்னு ஒன்னு இருக்குய்யா! கப்பல்ல அதுக்கு முன்னால கைய நீட்டினா அறைதான் விழும். அந்தச் சீறலுக்குத் தோலு ஒரு தடையா? ஊசி போட்ட மாதிரி டீசல் உள்ள போயிருச்சு. வெளிய புள்ளி, உள்ள சதையெல்லாம் ஊறிக்கிட்டு இருக்கும். இப்பவே கீறிக் கழுவலேன்னா கை போயிரும்!"

"வலியே இல்லையே."

"அதான்யா எனக்குப் பயமே!"

பூரணி விரலைத் தொட்டாள். வெளுத்து, ஜில்லென்று இருந்தது.

மூவரும் பெக்டரிக்கு ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து வேனைக் கேட்டார்கள். டீமேக்கர் ஜெயகாந்தன் விரலைக் குனிந்து பார்த்தார். "இதுக்கா? ஒரு புள்ளிக்கு வேனா? மொதல்ல எஞ்சின ஓட வைக்கச் சொல்லு. கொழுந்து அழுகினா யாரு பதில் சொல்றது?"

கஜேந்திரன் பாய்ந்தான். பூரணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, மன்னிச்சிருங்க ஐயா, செஞ்சு குடுத்திருவாங்க." அவள் கும்பிட்ட கும்பிடைப் பார்த்து, கஜேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தானே பிடுங்கி, கிடந்த பழைய இஞ்செக்டர்களில் கொஞ்சம் தேறியதை எடுத்து முடுக்கினான். எஞ்சின் ஓடியது.

"வேனா? அது நுவரெலியாவுக்குப் போயிருச்சே" என்றார் டீமேக்கர், சாவகாசமாக. படுபாவி! அதற்குள் விரல் வாழைப்பூ நிறத்தில் வீங்கி, வலி முழங்கைவரை ஏறி, கந்தப்பன் பல் கிட்டிக்கப் படியில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரச் சப்ராஸ் தன் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் உள்ளங்கைவரை கீறிக் கழுவினார்கள். கை தப்பியது. விரலை எடுத்துவிட்டார்கள். "இன்னும் முன்னாடியே வந்திருந்தா விரலும் மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர். பூரணி அழவில்லை. தான் கும்பிட்ட கும்பிடெல்லாம் நினைவுக்கு வந்தது, உடம்பு எரிந்தது.

கந்தப்பன் வீடு திரும்பிய பிறகு, அவனுடைய ஸ்வெட்டரையும் சோற்றுக் கேரியரையும் எடுக்க அண்ணனோடு பெக்டரிக்குப் போனாள். அன்றும் கரண்ட் இல்லை. கரும்புகை. கழற்றிய இஞ்செக்டர் குழாய் முனையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், கந்தப்பன் வேலைக்கு வந்திருந்த சோலைமலை நின்றான், மூன்று பிள்ளைக்காரன். கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தான்.

"கந்தப்பன் கவனமில்லாம வச்சிட்டான்" என்று டீமேக்கர் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரு."

கஜேந்திரன் வாயைத் திறந்தான்.

"நீ பேசாதண்ணே. போனது என் புருஷன் வெரலு. நான் பேசுறேன்."

பூரணி போய்ச் சோலைமலையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சத்தம் போடவில்லை. "ஒரு புள்ளிதானேன்னு கேட்டீங்க, ஐயா?"

"பூரணி, இப்ப அது எதுக்கு…"

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். இந்தாங்க, நீங்க வச்சுப் பாருங்க. சோலமலண்ணே, எஞ்சினச் சுத்துங்க."

சோலைமலை அவளைப் பார்த்தான், டீமேக்கரைப் பார்த்தான். பிறகு நேரே போய் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"நீட்டுங்க ஐயா. ஒரு புள்ளிதானே."

டீமேக்கரின் கை மெல்லக் காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது.