இருநூறு மைல், ஒன்றரை மணி

1

இந்தக் கதை என் வாய்த்துடுக்கில் பிறந்தது. 1944இல் பொன்னமராவதிக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் யுத்தத்துக்காக விமானத்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே வரைபடக் குமாஸ்தா. முதல் விமானம் வந்திறங்கிய மத்தியானம், மண்வேலை பார்க்கும் உடையப்பன் ஆபீஸ் கொட்டகைக்கு வந்தார். பர்மாவில் மிச்சினாவிலிருந்து அஸ்ஸாமில் தின்ஜானுக்கு இந்த மாதிரிப் பிளேனில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். மலைக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தளம், இந்தப் பக்கம் ஒரு தளம். வரைபடத்தில் தேடிப்பிடித்து ஸ்கேலை வைத்தேன்.

"இருநூறு மைலு. ஒண்ணரை மணி நேரத்துல எறங்கிரலாம்."

சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'பர்மாவின் அடர்ந்த காடுகளில் மழை...' விட்டுவிட்டேன். அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.)

அவர் அழவில்லை. மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தேன். அதே இருநூறு.*

"நாள்கணக்குல போவும்னுல்ல நெனச்சேன்" என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

* அவர் போன பிறகு நானே இன்னும் மூன்று முறை அளந்தேன்.

3

அவர் சொன்னது இது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ரங்கூனிலிருந்து வடக்கே ஓடிய கூட்டத்தில் அவரும் மனைவி மூக்காயியும் இருந்தார்கள். மிச்சினா தளத்தில் காயம்பட்டவர்களோடு சில பெண்களையும் ஏற்றினார்கள். மூக்காயிக்கு இடம் கிடைத்தது. உடையப்பன் அவள் கையை விடவில்லை. முன்பின் தெரியாத சீமைக்கு, எத்தனை நாள் பறக்குமோ தெரியாத வண்டியில், பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா? சேர்ந்தே நடப்போம் என்று இழுத்துக்கொண்டு போனார்.

நாற்பத்தொரு நாள் நடந்தார். மூக்காயி இருபத்துமூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சத்தைத் தனியாக நடந்

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.)

4

உடையப்பனைக் கெட்டவராக்கிவிட்டால் எழுத வசதி. முயன்றேன், முடியவில்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, ஊரைவிட்டே போய்விட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். நடந்தது வேறு. மறுநாள் காலை மூக்காயியின் தாய் இருளாயியைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். மகளுக்குப் பிளேனில் இடமே கிடைக்கவில்லை என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தவர்.

"எடம் கெடச்சத நேத்தே சொல்லிட்டேங்கய்யா. எம்புட்டு நேரம்கிறத நீங்க சொல்லுங்க. என் வாயில வரல."

ஒரு நாள், இரண்டு நாள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒன்றரை மணி என்றேன்.

இருளாயி ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"அவ ஏறுறேன்னு சொன்னாளாப்பா?"

5

உடையப்பன் பதில் சொன்னார். ஒரே சொல். நானும் கேட்டேன்.

'இல்ல' என்று எழுதிப் பார்த்தேன். கதை அழகாகவே முடிந்தது. கிழித்துப் போட்டேன். அவர் சொன்ன சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே இதற்கடுத்த வரி காலியாக இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் இருளாயியின் முகத்தையும் நீங்களே நிமிர்ந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை.