பதினாறு வயதுக் குரல்

படம் முடிந்ததும் மகள் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். எட்டிப் பிடித்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"மதில் சூப்பர். நான் நினைச்சதைவிட உயரம்."

அவளுக்குப் பதினாறு நடக்கிறது. இந்தப் படத்துக்கு மூலமான புத்தகத்தை ஆறு முறை படித்திருக்கிறாள். ஒரு நகரம். பதினாறு வயதானவர்களில் யார் உள்ளே இருக்கலாம், யாரை மதிலுக்கு வெளியே தள்ளலாம் என்று ஓர் இயந்திரம் முடிவு செய்யும். தள்ளப்படும் பெண்தான் கதாநாயகி. படத்தின் தமிழ் வடிவத்தில் அவளுக்குக் குரல் கொடுத்தது நான். எனக்கு நாற்பத்தொன்று.

இரண்டாம் பாகத்துக்கு நாளைக் காலை குரல் தேர்வு. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும் வருகிறாளாம். "சும்மா ஒரு பேச்சுக்குத்தான், மேடம்" என்றார் ஸ்டுடியோக்காரர். பதினைந்து வருடத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

பஸ் வரவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன்.

"வேற என்ன பிடிச்சுது?"

"எல்லாரும் வரிசையில நிக்கிற சீன். செருப்புச் சத்தம் மட்டும் கேக்கும். புத்தகத்தைவிட நல்லா இருந்துச்சு."

யாருமே பேசாத காட்சி.

"பிடிக்காதது?"

"அவளோட தம்பி சாகறது. அவன் யாருன்னே காட்டல, எப்படி அழறது? அப்புறம் அந்தத் தலைவர். சுடப் போற நேரத்துல அவ்வளவு நீளப் பேச்சு. துப்பாக்கியே தூங்கியிருக்கும்."

சிரித்தேன். பஸ்ஸில் இடமில்லை. நின்றபடி வந்தோம். முடிவை மாற்றியது, நண்பனைக் காதலனாக்கியது என்று அவள் அடுக்கிக்கொண்டே வந்தாள். ஒன்றை மட்டும் தொடவில்லை.

வீட்டு வாசலில் கேட்டுவிட்டேன்.

"என் குரல்?"

பையில் சாவியைத் தேடினாள். சாவி என்னிடம் இருந்தது.

"மழுப்பாதடி."

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"இப்பவே மூஞ்சி மாறுது."

"சொல்லித் தொலை."

"பாப்பா மாதிரி கொஞ்சற. பயந்தா கீச்சு கீச்சுன்னு கத்தற. நான் பயந்தா கத்துவேனா?"

போன வருடம் கை முறிந்து வந்தபோது இதே வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் வா" என்றாள். அவ்வளவுதான்.

"அப்ப அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணே பேசட்டுங்கற."

"அப்படியா சொன்னேன்? குரலை ஏத்தாதன்னு சொன்னேன்."

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குரலை ஏற்றித்தான் பதினைந்து வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

தேர்வுக்கு மூன்று வசனங்கள் அனுப்பியிருந்தார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முதல் வசனத்தைப் பேசிப் பார்த்தேன். கீச்சென்றது. மறுபடியும் கீச்சென்றது. தாழ்த்தினால் கிழவி. குழாயை மூடினேன். கூடத்துக்கு வந்து நடந்தேன். நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினேன், பழைய இடத்திலேயே போட்டேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மகளின் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு.

முறிந்த கையை மறு கையால் தாங்கியபடி அவள் நின்றது ஞாபகம் வந்தது. நானும் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டேன். எதையும் ஏற்றாமல் முதல் வசனத்தைச் சொன்னேன்.

"லைட்டை அணை. யாரோ வராங்க."

வெளிச்சக் கோடு அணைந்தது.

"யாரும்மா?" உள்ளிருந்து, மிக மெதுவாக.

அந்தக் குரலில் இன்னொரு முறை கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.