சிவப்பு ஹெல்மெட்டின் எடை

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எல்லோரும் தேநீருக்குப் போன நேரம் பார்த்து, காப்புரிமை வக்கீல் மெரிடித் ஓக்ஸ் ஹாமிஷ் கெல்லவேயின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கான்பெராவில் ஜூலை மாதம் கதவைச் சாத்தக் குளிர் ஒன்றே போதும். ஆனால் அவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள நான் ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடணும் இல்ல?"

"ஆமா."

"போட முடியாது."

ஹாமிஷ் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

அவருடைய கர்ரவாங் நிறுவனத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். அவர்கள் செய்வது ஒரே ஒரு பொருள். சர்க்கரைக் கட்டி அளவுள்ள படிகம் ஒன்றுக்குள் ஒளியைப் பிடித்து வைத்து, கேட்கும்போது அப்படியே திருப்பித் தரும் குவாண்டம் மெமரி. பதினோரு வருட உழைப்புக்குப் பிறகு ஒசாகாவிலிருந்து முதல் வாடிக்கையாளர் வந்திருந்தார். ஆறு கருவிகள் வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்தக் கருவி வேறு யாருடைய காப்புரிமையையும் மிதிக்கவில்லை என்று ஒரு வக்கீல் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கடிதம் வராவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். பத்தொன்பது பேரும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நானூத்திப் பன்னெண்டு காப்புரிமை படிச்சேன். நானூத்திப் பதினொண்ணு பரவாயில்ல," என்று மெரிடித் ஒரு தாளை நீட்டினார். "இது ஐரோப்பாவுல ஒரு கம்பெனியோடது. இந்த நாட்டுலயும் பதிஞ்சிருக்காங்க, ஜப்பான்லயும் பதிஞ்சிருக்காங்க. குளிர வச்ச படிகம். பக்கத்துல காந்தம். காந்தத்தைத் தாங்குற கை. காந்தம் நாலு டிகிரி சாய்ஞ்சிருக்கணும். சாய்வு மாறாம இருக்க, கையோட நுனியில ஒரு எடை தொங்கணும்."

"நம்ம கருவி மாதிரியே இருக்கே."

"மாதிரி இல்ல. நம்ம கருவியேதான்."

"மாத்தி வடிவமைச்சா?"

"எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருஷம்."

"நமக்கு இருக்கிறது முப்பது மணி நேரம். இன்னொரு வழி இருக்கு. அவங்க விண்ணப்பிச்சது 2013 நவம்பர். அதுக்கு முன்னாடியே யாராவது இதைச் செஞ்சு, பொதுஜனம் பார்க்கிற இடத்துல வெளியிட்டிருந்தா அவங்க உரிமை நிக்காது. நானும் தைரியமா கையெழுத்துப் போட்டுருவேன்."

"எங்க பழைய ஆய்வக நோட்டுல..."

"பூட்டி வச்ச நோட்டு செல்லாது ஹாமிஷ். தெருவுல போறவன் படிக்கிற மாதிரி இருந்திருக்கணும்."

அப்போது தட்டாமலே கதவு திறந்தது. இருபத்திரண்டு வருடமாக ஹாமிஷுடன் வேலை பார்க்கும் ஆய்வக மேலாளர் டெஸ்லி பிராம்வெல், இரண்டு கோப்பைத் தேநீருடன் நின்றார். ஒட்டுக் கேட்டதை மறைக்கும் எண்ணம் அவரிடம் இல்லை.

"கழுதைப் பலகையில பாருங்களேன்," என்றார்.

"அது பழைய குப்பை," என்றார் ஹாமிஷ், சற்று வேகமாக.

"என்ன பலகை?" என்றார் மெரிடித்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த நாளிலிருந்தே அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு நாள் அளவீட்டைப் பாழாக்கினால், என்ன செய்தேன், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று துல்லியமாக ஓர் அட்டையில் எழுதி, சம்பவ இடத்தின் புகைப்படத்தோடு பலகையில் குத்த வேண்டும். வெள்ளிக்கிழமை தேநீருக்கு லாமிங்டன் கேக்கும் வாங்கி வர வேண்டும். தப்பு திரும்ப நடக்கக் கூடாது என்பதற்காக ஹாமிஷே கொண்டுவந்த விதி இது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் அவர்களைப் பலகை முன் நிறுத்தி, "இங்க தப்பு பண்ணலாம், மறைக்கக் கூடாது," என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். கேட்பவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூவரும் நடைக்கூடத்துக்குப் போனார்கள். டெஸ்லி நேராக முப்பத்தேழாம் அட்டைக்குப் போய் விரலை வைத்தார்.

*பியர்ஸ் நான்கெர்விஸ். 14 ஏப்ரல் 2011. காந்தம் 4.2 டிகிரி சாய்ந்துவிட்டது. எப்படியென்று தெரியவில்லை. காலையில் சேமித்த ஒளி ஐந்து மணி நேரம் கழித்தும் அழியாமல் வந்துகொண்டே இருந்தது. அளவீடு முழுவதும் வீண். மன்னிக்கவும்.*

மெரிடித் இரண்டு முறை படித்தார்.

"உலகமே அழியாத ஒளியைத் தேடிட்டு இருந்தப்போ, அழிய மாட்டேங்குதுன்னு மன்னிப்பு கேட்டிருக்கீங்க."

"அன்னிக்கு நாங்க அளந்ததே அது எவ்வளவு வேகமா அழியுதுன்னுதான்," என்றார் டெஸ்லி. "மூணு மணிக்கு நான்தான் கோணத்தை அளந்தேன்."

"பொதுஜனம் இதைப் பார்த்தாங்களா?"

"அந்த ஆகஸ்ட்ல ஆய்வகத்தை எல்லாருக்கும் திறந்து விட்டோம். இந்தப் பலகை வாசல்லயே இருந்தது. லேசரை யாரும் பார்க்கல, இதைத்தான் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. வருகைப் பதிவேடு என்கிட்ட இருக்கு."

"சாய்வு இருக்கு. நேரம் இருக்கு. எடை மட்டும் இல்ல," என்று முனகிய மெரிடித் புகைப்படத்தருகே மூக்கைக் கொண்டுபோனார். "கையோட நுனியில சிவப்பா என்ன அது?"

"சைக்கிள் ஹெல்மெட்," என்றார் டெஸ்லி.

"யாரோடது?"

ஹாமிஷ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. அவர் தலைக்கு மேலே, சுவரில் இருந்த ஆணியில், நிறம் வெளுத்த சிவப்பு ஹெல்மெட் ஒன்று தொங்கியது.

டெஸ்லி அதைப் பார்த்தார். பிறகு புகைப்படத்தைப் பார்த்தார். பிறகு ஹாமிஷைப் பார்த்தார். போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து, பக்கம் தேடி, சத்தமாகப் படித்தார்.

"குவீன்பியனிலிருந்து ஒரு பிளம்பர் எழுதியிருக்காரு. 'முப்பத்தேழாம் அட்டைப் பையன் பாவம். ஹெல்மெட்டோட எடைதான் கையை இழுத்திருக்கு. எந்தப் பிளம்பரும் சொல்லுவான்.' தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கு."

"பிரமாதம்!" என்றார் மெரிடித். "பார்த்தவருக்குப் புரிஞ்சிருக்கு. அதைவிட வேற என்ன வேணும்? இனி ஹெல்மெட்காரர் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரணும். எப்ப மாட்டினார், எவ்வளவு நேரம் தொங்குச்சு, என்ன எடை. அது பொதுக் கோப்புல போகும். எதிர்த்தரப்பு வரிக்கு வரி படிப்பாங்க. யார் கேட்டாலும் காட்டணும். அது இல்லன்னா கடிதம் இல்ல."

"யோசிக்கணும்," என்று ஹாமிஷ் அறைக்குள் போனார்.

யோசிக்க அதிகம் இல்லை. 2011 ஏப்ரலில் அந்த மாலை ஐந்து மணிக்குத் தன் ஹெல்மெட்டை எடுத்தபோது காந்தத்தின் கை டக்கென்று மேலே எழும்பியதை அவர் பார்த்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்போது அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்த பியர்ஸ் இரண்டு டஜன் லாமிங்டன் வாங்கி வந்தான். 'எப்படியென்று தெரியவில்லை' என்று எழுதினான். ஹாமிஷ் அதைப் படித்தார், கேக்கையும் சாப்பிட்டார். அதன் பிறகு பியர்ஸ் காந்தத்தைத் தொடக் கூடாது என்றானது. அடுத்த வருடம் அவன் ஆய்வை விட்டுவிட்டு, லான்செஸ்டனில் பள்ளி ஆசிரியராகப் போனான்.

மூன்று வருடம் கழித்து, கையின் நுனியில் எடை தொங்கவிடும் யோசனை ஹாமிஷுக்கு 'உதித்தது'. எப்படி உதித்தது என்று ஓர் அறிவியல் பத்திரிகை கேட்டது. "சைக்கிளில் மேடு ஏறும்போது," என்று பேட்டி கொடுத்தார். சைக்கிள் சம்பந்தப்பட்டது என்பது வரையில் அது உண்மை.

கண்ணாடிக்கு அப்பால் தேநீர் முடிந்து பத்தொன்பது பேரில் பலர் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒசாகா பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஹாமிஷ் போனை எடுத்தார்.

"பியர்ஸ், நான் ஹாமிஷ் பேசறேன்."

"எந்த ஹாமிஷ்?"

"கெல்லவே."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. அந்தக் காந்தம் விஷயம். 2011. அது நீ பண்ணது இல்ல. என் ஹெல்மெட்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்தப் போட்டோவை எடுத்ததே நான்தான். ஹெல்மெட் நல்லாத் தெரியணும்னு நாற்காலி மேல ஏறி நின்னு எடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"உங்க விதி, உங்க பலகை. நீங்களே சொல்வீங்கன்னு அந்த வெள்ளிக்கிழமை பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். அப்புறம் வேலை கிடைச்சுது, வந்துட்டேன். ஒன்பதாம் வகுப்பு நடக்குது, சீக்கிரம் சொல்லுங்க. இப்ப எதுக்கு இது?"

ஹாமிஷ் சொன்னார். பின்னணியில் யாரோ பெஞ்சைத் தட்டினார்கள்.

"அதாவது, நான் தப்பு பண்ணலங்கிறதை நிரூபிச்சாதான் உங்க கம்பெனி பிழைக்கும்."

"கிட்டத்தட்ட."

"ரொம்ப நல்லது. எழுதிக் கொடுங்க. அப்புறம் லாமிங்டன். நடுவுல ராஸ்பெர்ரி ஜாம் வச்சது, ரெண்டு டஜன்."

"அனுப்பறேன். அன்னிக்கு நானும் ரெண்டு சாப்பிட்டேன்."

"மூணு," என்று சொல்லிவிட்டு பியர்ஸ் வகுப்புக்குத் திரும்பினான்.

மாலை ஹெல்மெட்டை ஆய்வகத் தராசில் வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

"கருவியில நாம வைக்கிற எடை எவ்வளவு?" என்று கேட்டார் மெரிடித்.

"முன்னூத்திப் பன்னெண்டு," என்றார் டெஸ்லி. "ஹாமிஷ் மேடு ஏறும்போது ரொம்ப யோசிச்சுக் கண்டுபிடிச்சது."

வெள்ளிக்கிழமை தேநீர் நேரத்தில் ஹாமிஷ் ஐம்பத்தெட்டாம் அட்டையைப் பலகையில் குத்தினார். பத்தொன்பது பேரில் பதினெட்டு பேர் சுற்றி நின்றார்கள். டெஸ்லி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'தவறுதலாக'ன்னு எழுதியிருக்க."

"தவறுதலாத்தானே மாட்டினேன்?"

"மாட்டினது தவறுதல். வெள்ளிக்கிழமை கேக் சாப்பிட்டது?"

ஹாமிஷ் அட்டையைக் கழற்றி, பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, கீழே இரண்டு வரி சேர்த்துத் திரும்பக் குத்தினார். டெஸ்லி அதையும் படித்துவிட்டு, "ம்," என்றார். பிறகு எல்லோரும் லாமிங்டன் பெட்டியைத் திறந்தார்கள். ஹாமிஷுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு மெரிடித், ஹாமிஷின் உறுதிமொழிப் பத்திரத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்திட்டு ஒசாகாவுக்கு அனுப்பினார். கோட்டைக் கழற்றிவிட்டு, அந்த வாரத்தில் முதல் முறையாகத் தேநீரைச் சூடாகக் குடித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் ஹாமிஷ். "அன்னிக்கே நான் உண்மையைச் சொல்லி, எடையையும் சேர்த்து எழுதியிருந்தா?"

"எடையால ஒளி அஞ்சு மணி நேரம் நிக்குதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க எனக்குப் போன் பண்ணியிருப்பீங்க. காப்புரிமை உங்க பேர்ல இருந்திருக்கும்."

"ஓ."

"அந்தக் கம்பெனி உங்ககிட்ட வந்து கெஞ்சியிருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டே மெரிடித் ஹெல்மெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒட்டி, மேலே எண் எழுதினார். "இது இனிமே சாட்சிப் பொருள். அந்தக் கம்பெனி வழக்குப் போட்டா, அது முடியிற வரைக்கும் என்கிட்ட இருக்கும்."

"நான் அதைப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

"ஹெல்மெட் இல்லாம ஓட்டினா போலீஸ் பிடிக்கும். தள்ளிட்டுப் போங்க."

ஏழு கிலோமீட்டர். ஹாமிஷ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மேடு ஏறும்போது அவருக்குப் புதிதாக எதுவும் உதிக்கவில்லை.