புழு தொடாத கத்தரிக்காய்

நாராயணம்மாவின் கத்தரிக்காயில் புழு இருந்ததாக ஓசூர்ச் சந்தையில் இரண்டு வருசமாக ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பெருமையில் அவள் கூடையை இறக்கும்போதே மற்றவர்களுக்கு எரிச்சல் வரும்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. விடியற்காலையில் இலை பனியில் நனைந்திருக்கும்போது சாம்பல் தூவ வேண்டும். ஊரே அதைத்தான் செய்தது. ஆனால் மற்றவர்கள் தூவியது அடுப்புச் சாம்பல். அவள் தூவியது புருசன் திம்மராயன் பட்டறையிலிருந்து கோணிப்பையில் கொண்டுவந்தது. பெங்களூர் ரோட்டோரம் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகையில் அவனுக்கு வேலை. சாம்பல் மாவு மாதிரி இருக்கும், காசும் கிடையாது.

ஆடியில் திம்மராயனுக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கியது.

"வேலைக்குப் போற அன்னிக்குத்தான் உனக்கு வலிக்குது. கோழி அடிச்ச அன்னிக்கு வலிச்சுதா?" என்று கேட்டபடி, மலம் இளகட்டும் என்று தன் தோட்டத்துக் கீரையையே கடைந்து சட்டியோடு முன்னால் வைத்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறோரம் நீலக்கோடு. "ஈய வேலையா? இன்னியோட விட்டுடு" என்றார். விட்டான். கல்லுடைக்கப் போனான். தை பிறந்தும் வலி விடவில்லை.

"பட்டறையும் இல்ல. இப்போ யார் மேல பழி போடப் போறே?" என்றாள்.

அந்த வாரமே கத்தரிப் பாத்தியில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை டாக்டர் அவள் உதட்டைத் தூக்கினார். அதே கோடு.

"நீயும் பட்டறைக்குப் போறியாம்மா?"

"நான் எதுக்குங்க போறேன்? தோட்டத்துலயே கிடக்கறேன்."

"தோட்டத்துக்கு என்ன போடறே?"

"சாம்பல். கோணியில இன்னும் மிச்சம் கெடக்கு."

"எந்தச் சாம்பல்?"

அவள் திம்மராயனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஈயம் நெருப்புல சாகாதும்மா. சாம்பல்ல இருக்கும், மண்ணுல தங்கும், செடிக்குள்ளயும் ஏறும்."

"கழுவினா போயிடாதுங்களா?"

"மேல இருக்கறது போகும். உள்ள இருக்கறதுக்கு என்ன பண்ணுவே?"

திரும்பும் வழியில் திம்மராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். "பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு, கிட்ட வரல. நீ எனக்குச் சட்டி சட்டியா ஊத்தினியே!"

"கொண்டுவந்தவன் நீ. வாயை மூடிக்கினு நட" என்றாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் பக்கத்து வீட்டுச் சரசம்மாவிடம் இருந்தது. சரசம்மாவின் மகள் ஏழு மாசம். மறுநாள் வளைகாப்பு. ஒரு கூடை கத்தரிக்காய்க்குச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் சந்தையில் இனி ஒருத்தரும் தன்னிடம் வாங்கப் போவதில்லை. அந்த அரை ஏக்கர்தான் பாதிச் சோறு.

வீட்டு வாசலில் சரசம்மா கூடையோடு நின்றிருந்தாள்.

"காய் இல்ல, சரசு."

"அதோ தொங்குதே, அக்கா! கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியுது. வெலை ஏத்தறியா?"

"புழு."

"உன் காயிலயா? இதை வேற யார்கிட்டயாவது சொல்லு."

நாராயணம்மா உதட்டைத் தானே தூக்கிக் காட்டினாள்.

"இதென்ன, ஈறுக்கு மை வெச்சிருக்கே?"

"மையில்ல, ஈயம். எங்க தோட்டத்துது. உன் மகளும் தின்னிருக்கா. நாளைக்கு வளையல் போட்ட கையோட டாக்டர்கிட்டக் கூட்டிக்கினு போ. நானும் வரேன்."

சரசம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் புருசனும் பெண்டாட்டியும் செடிகளைப் பிடுங்கி, மாடு வாய் வைக்காத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மண்ணை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நாராயணம்மா கூப்பிடாமலே வளைகாப்பு வீட்டுக்குப் போய் அரிவாள்மணை முன் உட்கார்ந்தாள். சரசம்மா முகம் கொடுக்கவில்லை. பாரூர்ப் பக்கத்துக் காய் ஒரு குவியலை அவள் முன்னால் கொட்டிவிட்டுப் போனாள்.

முதல் காயைப் பிளந்ததும் கொழுத்த புழு ஒன்று தலையை நீட்டியது.

"வாடா ராசா" என்றாள் நாராயணம்மா. "சரசு, நல்ல காயாத்தான் வாங்கியிருக்கே."

சரசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.